தரைத்தள வீட்டுக்காரரும் லிஃப்ட் செலவும்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில், இங்கிலாந்தில் பணியாற்றித் திரும்பிய மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



பர்மிங்காமில் பதின்மூன்று வருடம் வேலை பார்த்தேன். இங்கிலாந்து என்றதும் அரண்மனையைப் பற்றிக் கேட்கிறீர்கள். எனக்கு நினைவில் நிற்பவை கிரிக்கெட், கால்பந்து, நாடகம், சினிமா, வானொலி இவைதான். ஐந்தையும் பார்த்தபோது எனக்குள் ஓடிய கேள்வி ஒன்றே: கையில் காசு குறைவாக உள்ளவர் இதைப் பார்க்க வழி இருக்கிறதா?

முதலில் ஒலிபரப்பு. சிற்றலையில் பிபிசி தமிழோசை கேட்டவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். 1941-இல் தொடங்கிய சேவை அது. அந்த பிபிசி உள்நாட்டில் நடப்பது உரிமக் கட்டணத்தில். நேரலையாக டிவி பார்க்கும் வீடுகள் வருடந்தோறும் கட்ட வேண்டும், 2024-இல் 169.50 பவுண்டு. "நான் பிபிசியே பார்ப்பதில்லை, ஏன் கட்ட வேண்டும்?" என்று அங்கே எப்போதும் ஒரு குரல் கேட்கும். நமக்குப் பழகிய குரல்தான். தரைத்தள வீட்டுக்காரர் லிஃப்ட் செலவுக்கு ஏன் கொடுக்க வேண்டும் என்று நம் கூட்டத்திலும் கேட்டிருக்கிறோமே! எல்லோரும் கொடுப்பதால்தான் மூன்றாவது மாடிப் பாட்டி கீழே இறங்கி வர முடிகிறது.

இனி கிரிக்கெட். 2005 ஆஷஸ் தொடர். பர்மிங்காம் எட்ஜ்பாஸ்டன் மைதானத்தில் ஆகஸ்ட் 7 காலை, கையில் இரண்டு விக்கெட்டுடன் ஆஸ்திரேலியாவுக்கு 107 ரன் தேவை. ஒவ்வொரு ரன்னாகச் சேர்த்துக் கிட்டே வந்துவிட்டார்கள். கடைசியில் இங்கிலாந்து இரண்டே ரன்னில் வென்றது. அந்தத் தொடரை சேனல் 4 இலவசமாக ஒளிபரப்பியது. நாட்டிங்காம் டெஸ்டின்போது ஒரு கட்டத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். எங்கள் தெருவில் கிரிக்கெட்டே தெரியாதவர்கள்கூட ஸ்கோர் கேட்டார்கள்.

அடுத்த வருடமே அது நின்றது. முக்கிய விளையாட்டுகளை இலவச டிவியில் காட்ட வேண்டும் என்று அங்கே ஒரு பட்டியல் உண்டு. உள்நாட்டு டெஸ்ட் போட்டிகளின் நேரலைக்கு இருந்த அந்தப் பாதுகாப்பை 1998-இல் நீக்கிவிட்டார்கள். 2006 முதல் நேரலை முழுவதும் கட்டணச் சேனலுக்குப் போனது. கிரிக்கெட் வாரியத்துக்குப் பணம் வந்தது. அதனால் வீரர்களுக்கும் கீழ்மட்ட ஆட்டத்துக்கும் பலன் இல்லாமல் இல்லை.

ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், சந்தா கட்டவில்லை. வானொலிக்குத் திரும்பினார். 1957 முதல் பந்துக்குப் பந்து வர்ணனை தரும் நிகழ்ச்சி அது. நேயர்கள் வர்ணனையாளர்களுக்குக் கேக் செய்து அனுப்புவார்கள். அவருக்கு அது போதும். அறுபது வருடம் ஆட்டம் பார்த்தவர், காதால் கேட்டாலே கண்ணில் தெரியும். அவர் பேரனுக்கு அப்படி இல்லை. 2005 கோடையில் வேலிக்கருகே ஓடி ஓடிப் பந்து வீசிய பையன் அவன். மறு வருடம் அந்த மட்டையை நான் பார்க்கவில்லை.

2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை மட்டும் கட்டணச் சேனல் இலவச டிவியுடன் பகிர்ந்துகொண்டது. பார்வையாளர்கள் மீண்டும் 80 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆசை செத்துப்போகவில்லை, கதவுதான் மூடியிருந்தது.

கால்பந்தில் கதை தலைகீழ். சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை அங்கே எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரலையாக டிவியில் காட்டுவதில்லை. பெரிய அணியின் ஆட்டத்தை வீட்டிலிருந்தே பார்த்துவிட்டால், சின்ன ஊர் அணியின் மைதானத்துக்கு யார் போவார்கள்? டிக்கெட் வசூலை நம்பிய சிறு கிளப்புகளுக்காக 1960-களில் தொடங்கிய வழக்கம் இது. மற்றவர்களுக்கு ஐந்து மணி வானொலி. ஜேம்ஸ் அலெக்சாண்டர் கார்டன் என்பவர் 1974 முதல் 2013 வரை முடிவுகளை வாசித்தார். இரண்டாவது அணியின் பெயரைச் சொல்லும்போது அவர் குரல் ஏறுவதையும் இறங்குவதையும் வைத்தே, எண் வரும் முன் வெற்றியா சமனா என்று சொல்லிவிடலாம்.

நாடகத்துக்கு வருவோம். லண்டனில் ஷேக்ஸ்பியர் காலத்து அமைப்பில் 1997-இல் திறந்த குளோப் அரங்கில், மேடைக்கு முன்னால் சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். பல வருடம் அதற்கு 5 பவுண்டுதான். மேலே கூரை கிடையாது, குடைக்கும் அனுமதி இல்லை, நனைந்துகொண்டே பார்த்தேன். நடிகருக்கு மிக அருகில் நிற்பவர்கள் மிகக் குறைவாகக் கொடுத்தவர்களே! லண்டனுக்கு வர முடியாதவர்களுக்காக நேஷனல் தியேட்டர் 2009 முதல் தன் நாடகங்களை ஊர் ஊராக சினிமா தியேட்டர்களில் நேரலையாகக் காட்டுகிறது.

சினிமாவிலும் இந்தக் கை உண்டு. சுரங்கத் தொழிலாளியின் மகன் பாலே கற்கும் 'பில்லி எலியட்' படத்துக்கு பிபிசியின் பணமும் உண்டு. நம் ரஹ்மானுக்கு இரண்டு ஆஸ்கர் தந்த 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில், மக்களுக்குச் சொந்தமான சேனல் 4-இன் பணமும் உண்டு.

கதவை எங்கே திறப்பது, எங்கே சாத்துவது என்பதற்கு ஒரே விதி கிடையாது. கிரிக்கெட்டுக்கு டிவி திறந்திருக்க வேண்டியிருந்தது. சின்னக் கால்பந்து மைதானத்துக்கு டிவி சற்று மூடியிருக்க வேண்டியிருந்தது. முடிவெடுக்கும்போது கூட்டத்தில் இல்லாதவரையும் நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கிளப் ஹவுஸ் பெரிய திரைக்குத் தனிக் கட்டணம் வைக்கலாமா என்பது அடுத்த கூட்டத்தின் பொருள் என்று செயலாளர் சொன்னார். மெயின்டனன்ஸிலேயே சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து. நம் வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்களின் பிள்ளைகளும், வாட்ச்மேன் குடும்பமும் இறுதிப் போட்டியன்று வந்து உட்காரட்டும். நான் தரைத்தளம்தான், லிஃப்டுக்கும் கொடுக்கிறேன், இதற்கும் கொடுக்கிறேன்.