கயிறு, பானை ஓடு, காலடி: வரலாற்றைக் கையால் கற்பிப்போம்

(இரவுப் பாடசாலைத் தோழர்களுக்கான பயிற்சி முகாமில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர். வரலாற்றுச் செயல்திட்டம் என்றதும் பிள்ளைகள் கொண்டுவருவது என்ன? தெர்மாகோலில் தஞ்சைப் பெரிய கோயில், அட்டையில் செங்கோட்டை, சார்ட்டில் அரசர் படங்கள். காசு உள்ள பிள்ளை கடையில் வாங்கி ஒட்டிவரும். இல்லாத பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். கல் சுமந்தவர் யார், கட்டி முடித்த பிறகு அவரை உள்ளே விட்டார்களா என்று தெர்மாகோல் கேட்காது.

கையால் செய்து கற்பது நல்லது. ஆனால் எதைச் செய்ய வைக்கிறோம் என்பதில்தான் நம் அரசியல் இருக்கிறது. வகுப்பில் நான் செய்துபார்த்த மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கயிறு. வருடத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு முடிச்சு ஒரு முழம். 1923 முதல் 1937 வரை பதினைந்து முடிச்சுகள், பதினைந்து பிள்ளைகள். 1923: பொதுக் குளங்களையும் கிணறுகளையும் தீண்டப்படாதோரும் பயன்படுத்தலாம் என்று பம்பாய் சட்டமன்றத்தில் தீர்மானம். 1924: மகாடு நகராட்சி தன் சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறப்பதாகத் தீர்மானம். 1927 மார்ச் 20: அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மக்கள் திரண்டுபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடிக்கிறார்கள், தாக்கப்படுகிறார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்படுகிறது. அதே ஆண்டு நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெறுகிறது. டிசம்பர் 25இல் அதே மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்படுகிறது. 1937: உயர்நீதிமன்றத்தில் தீர்ப்பு நம் பக்கம்.

நடுவில் 1928 முதல் 1936 வரை முடிச்சைப் பிடித்திருந்த பிள்ளைகளின் கையில் அட்டை இல்லை. "எங்களுக்கு ஒன்னும் இல்லையா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். "அந்த வருடங்களில் வழக்கு நடந்துகொண்டிருந்தது" என்றேன். "அதுவரைக்கும் அவங்க தண்ணிக்கு என்ன சார் பண்ணாங்க?" என்றாள். பாடப்புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளில் இது இருக்காது. சட்டம் வருவதற்கும் தண்ணீர் வருவதற்கும் நடுவே எத்தனை முழம் என்று கயிறு காட்டிவிட்டது.

இரண்டாவது, பானை. கீழடியில் தமிழி எழுத்து கீறிய பானை ஓடுகள் கிடைத்திருக்கின்றன. ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் அவற்றில் உள்ளன. பிள்ளைகளுக்குத் தமிழி எழுத்துகளைக் கற்றுக்கொடுத்து, மண்பானையில் ஆணியால் அவரவர் பெயரைக் கீறச் சொல்லுங்கள். பிறகு பானையை உடைத்து மணலில் புதையுங்கள். இன்னொரு குழு கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, எந்த ஓடு எந்த ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிக்கொண்டே தோண்டட்டும். ஓட்டிலிருந்து என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்று விவாதம் வரும். அந்தப் பெயர்களுக்குப் பின்னால் சாதி வால் இல்லை என்பதைப் பிள்ளைகளே கவனிப்பார்கள். அதை வைத்து அன்று ஏற்றத்தாழ்வே இல்லை என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. சான்று எதுவரை போகிறதோ அதுவரைதான் நாமும் போக வேண்டும். நமக்குப் பிடித்த முடிவுக்கும் இதே விதிதான்.

மூன்றாவது, ஊர் வரைபடம். ஊரும் காலனியும் கலந்த குழுக்களாகப் பிரித்து அனுப்புங்கள். ஒவ்வொரு தெருமுனையிலிருந்தும் ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி, பேருந்து நிறுத்தம், சுடுகாடு வரை காலடியால் அளக்கட்டும். எங்கள் பிள்ளைகள் ரேஷன் கடைக்கு அளந்தபோது ஊர்த் தெருவுக்கு மூன்று இலக்கம் வந்தது, காலனிக்கு நான்கு இலக்கம். அடுத்து, பெரியவர்களிடம் கேட்க வேண்டும்: தெருவிளக்கு எந்த வருடம் வந்தது? குழாய் எந்த வருடம்? வருடங்களை வரைபடத்தில் எழுதினால் அதுதான் அந்த ஊரின் வரலாறு. அந்தத் தாளோடு பெற்றோர் கிராம சபைக்குப் போகலாம். எதிர்ப்பு வரும். "படிக்க அனுப்பினா அளக்க விடுறீங்களா?" என்று என்னிடமே கேட்டார்கள். அளப்பதும் படிப்புதான்.

தோழர்களே, செய்யக்கூடாதவையும் உண்டு. தீண்டாமையைப் புரியவைக்கிறேன் என்று எந்தப் பிள்ளையையும் தீண்டப்படாதவராக நடிக்க வைக்காதீர்கள். வீட்டில் அதை அனுபவிக்கிற பிள்ளைக்கு அது நாடகம் இல்லை. "தாத்தா என்ன தொழில் செய்தார்?" என்று குடும்ப மரம் வரையச் சொல்லி வகுப்புச் சுவரில் ஒட்டாதீர்கள். அது சாதிச் சான்றிதழை ஒட்டுவதுதான்.

இது ஏன் அவசரம்? 2023இல் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவரை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவர்கள் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளைத் தடை செய்யப் பரிந்துரைத்தது. தடை வேண்டும். ஆனால் கயிறு கட்டும் பிள்ளைக்கு யாரோ ஒரு வரலாற்றைச் சொல்லித்தான் கட்டிவிடுகிறார்கள்: நாம் ஆண்ட பரம்பரை என்ற வரலாறு. அதை வெறும் சுற்றறிக்கையால் அழிக்க முடியாது. சான்று கேட்கப் பழகிய பிள்ளைதான், "ஆண்டதற்கு ஆதாரம் எங்கே? ஆண்டிருந்தாலும் அதில் என்ன பெருமை?" என்று திருப்பிக் கேட்கும்.

அடுத்த வாரம் உங்கள் பாடசாலையில் கயிற்றிலிருந்து தொடங்குங்கள். பதினான்கு முழம் போதும்.