குடும்பத்துக்குப் பெரிதும் தேவை அறிவே!



குடும்பத்துக்குத் தேவை அறிவா, உணர்வா? இந்தப் பட்டிமன்றத்தை ஓர் இங்கிலீஷ்காரம்மா 1811இலேயே நடத்திட்டாங்க! ஜேன் ஆஸ்டின். நாவல் பேரு 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. புத்தகத்தில் தன் பேரைக்கூடப் போடலை. ஒரு சீமாட்டி எழுதியது என்று மட்டும் போட்டாங்க.

எதிரணித் தம்பி, தங்கை மரியானின் காதல்தான் அந்தக் கதைக்கு உயிர் என்றார். தம்பி, நீங்க காதலைப் படிச்சீங்க. நான் இரண்டாம் அத்தியாயத்தைப் படிச்சேன்.

அப்பா சாகும்போது மூத்த தாரத்து மகனிடம், சித்தியையும் தங்கச்சிகளையும் பார்த்துக்கப்பா என்கிறார். வீடும் நிலமும் மகனுக்கு. அவனுக்கும் மனசு இளகுது. மூணு தங்கச்சிக்கும் சேர்த்து 3000 பவுண்டு கொடுக்கலாம்னு நினைக்கிறான். உணர்வு! பெண்டாட்டி விடுவாளா? நம்ம பையன் கதி என்னங்கறா. 3000, 1500 ஆச்சு. அதுவும் வேண்டாம், சித்திக்கு வருசம் 100. அதுவும் வேண்டாம், எப்பவாச்சும் 50. கடைசியில் என்ன தெரியுங்களா? வீடு மாறும்போது சாமான் ஏத்த ஒரு கை பிடிக்கலாம்! (சிரிப்பு)

சிரிக்கிறீங்க. பரமத்தி வேலூர் பக்கம் எங்க வீட்டிலேயே இது நடந்ததுங்க. தாத்தா உயில் எழுதாமல் போயிட்டார். 1956 சட்டப்படி அவர் பங்கில் அத்தைக்கும் பங்குண்டு. பெரியப்பா ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போய், "அம்மிணி, அண்ணன் பாத்துக்க மாட்டனா?" என்றார். அத்தை அழுதுகிட்டே விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாங்க. பெரியப்பாவும் அழுதார். ரெண்டு பேர் கண்ணீரும் நிசம். பத்திரமும் நிசம்! (கைதட்டல்) அப்புறம் பொங்கச் சீர், சேலை மட்டும் ஆச்சு. சேலை, ஒரு சீப்பு வாழைப்பழம் ஆச்சு.

1989இல் தமிழ்நாட்டில் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது. 2005இல் நாடு முழுக்க, கல்யாணமான பெண்ணுக்கும் வந்தது. அந்த 'பாத்துக்க மாட்டனா' மட்டும் இன்னும் போகலைங்க.

எலினார், மூத்தவ, என்ன செஞ்சா? வருசம் 500 பவுண்டில் நாலு பொம்பளைங்க பிழைக்கணும். அம்மா பெரிய வீடாப் பார்த்தாங்க. கட்டுப்படியாகாதுன்னு சொன்னது எலினார்தான். அவளுக்கும் காதல் இருந்தது, நடுவர் அவர்களே. கணக்கு முடிச்சிட்டு அழுதா.

இதே கதையைத்தான் ராஜீவ் மேனன் 2000இல் 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' என்று எடுத்தார். ஒரு தீபாவளிக்கு டி.வி.யில் அத்தையோடு பார்த்தேன். வீட்டை விட்டுக் கிளம்புற கட்டத்தில் நான் கண்ணைத் துடைச்சேன். அத்தை அழலை. "ஏங்கண்ணு, இதுங்க கையெழுத்துப் போட்டுச்சுங்களா, இல்ல இதுங்களைக் கேக்கவே இல்லையா?" என்றாங்க.