களத்து மேட்டுத் தாய்



பண்டைக் கிரேக்கர்கள் தானியம் விளைவிக்கும் தாயாக டிமீட்டர் என்னும் தெய்வத்தை வணங்கினார்கள். அவளுடைய புகழ்பெற்ற கோயில் ஏதென்ஸ் நகருக்கு அருகே எலியூசிஸ் என்ற ஊரில் இருந்தது. அங்குக் கிடைத்த இரண்டு சிற்பங்களை இன்று நாம் பார்ப்போம்.

முதலாவது, 1859ஆம் ஆண்டில் கண்டெடுக்கப்பட்ட பளிங்குப் பலகை. உயரம் 2 மீட்டருக்கும் அதிகம். கி.மு. 440க்கும் 430க்கும் இடையில் செதுக்கப்பட்டது. ஒருபுறம் செங்கோலுடன் டிமீட்டர். மறுபுறம் தீப்பந்தத்துடன் அவள் மகள் பெர்செபோனி. நடுவே நிற்பவன் டிரிப்டாலமஸ் என்னும் சிறுவன். தாய் அவனிடம் கோதுமைக் கதிர்களைக் கொடுக்கிறாள் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஊர் ஊராகச் சென்று மக்களுக்குப் பயிர்த்தொழிலைக் கற்றுக்கொடுக்க அவள் அனுப்பியது இவனைத்தான் என்பது கிரேக்கர் கதை. அந்தக் கதிர்கள் இன்று சிற்பத்தில் இல்லை. நீட்டிய கை மட்டும் இருக்கிறது. பலகை ஏதென்ஸ் தேசிய தொல்பொருள் காட்சியகத்தில் உள்ளது.

இரண்டாவது சிற்பத்தின் கதை வேறு. தலையில் கூடை சுமந்த ஒரு பெண்ணின் பெரிய பளிங்கு உருவம் அது. கூடையின் மேல் கோதுமைக் கதிர்கள் செதுக்கப்பட்டுள்ளன. கோயில் அழிந்து பல நூற்றாண்டுகள் ஆன பின்னும், ஊர் உழவர்கள் அந்தச் சிலையைக் கைவிடவில்லை. அது கதிரடிக்கும் களத்தில், கழுத்தளவு எருக்குவியலில் நின்றது. அவர்கள் கண்ணுக்கு அது அவமதிப்பு அன்று. தங்கள் வயல் விளைவது அவளால்தான் என்று நம்பினார்கள்.

1801இல் எட்வர்ட் டேனியல் கிளார்க் என்ற ஆங்கிலேயர், அன்று அந்நாட்டை ஆண்ட துருக்கிய அதிகாரியிடம் அனுமதி பெற்று, அச்சிலையைக் கப்பலேற்றினார். உழவர்கள் தடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. சிலையைக் கொண்டு செல்லும் கப்பல் மூழ்கும் என்றார்கள். இங்கிலாந்துக் கரையருகே கப்பல் உடையவும் செய்தது! ஆயினும் சிலை மீட்கப்பட்டு, இன்று கேம்பிரிட்ஜ் நகரின் ஃபிட்ஸ்வில்லியம் காட்சியகத்தில் இருக்கிறது. பின்னாளில் எலியூசிஸ் சென்ற டாட்வெல் என்ற பயணியிடம், அவள் போனபின் முன்போல் விளைச்சல் இல்லை என்று ஊரார் வருந்தினார்களாம்.

அது டிமீட்டர் அல்ல, கோயில் வாயிலில் நின்ற பணிப்பெண்ணின் உருவமே என்று பின்னர் ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். அவர்கள் சொல்வது சரியே. ஆனால் அவளைத் தாய் என்று அழைத்துக் காத்தவர்கள் ஏர் பிடித்த மக்கள். சிலையின் வரலாற்றை எழுதும்போது அவர்களையும் சேர்த்து எழுதுவதே நியாயம் என்று நாம் கருதுகிறோம்.