முகமூடி செய்தவர் பெயர்



ஒரு பெயர் மறந்துபோகக் கூடாது என்பதற்காகத்தான் நினைவுச் சொற்பொழிவு நடத்துகிறோம். பெயர் சொல்லப்படாத கைகளைப் பற்றிப் பேச இந்த மேடையே பொருத்தமானது என்று கருதுகிறோம்.

கொல்லிமலை அடிவாரத்தில், முள்ளுக்குறிச்சியில் கூடியிருக்கும் நமக்குக் கொல்லிப்பாவையைத் தெரியும். சிரித்து மயக்கி உயிரெடுக்கும் பாவை. அதைப் பூதம் செய்தது என்றும் தெய்வம் எழுதியது என்றும் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. மனிதக் கை ஒன்று அதைச் செய்திருக்கும் என்ற நினைப்புக்கே அங்கே இடமில்லை. பொருள் புனிதமாகும்போது செய்தவர் காணாமல் போவது இங்கே பழைய வழக்கம்.

முகமூடியிலும் இதுவே நடக்கிறது. தஞ்சை மாவட்டம் மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியையொட்டிப் பாகவத மேளா நடக்கிறது. பிரகலாத சரித்திரத்தில் வரும் நரசிம்ம முகமூடிக்குப் பூசை உண்டு. அணிகிறவர் விரதம் இருக்கிறார். நாடகம் எழுதிய வேங்கடராம சாஸ்திரியின் பெயர் நிலைத்திருக்கிறது. முகமூடியைச் செய்த கையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மேற்கு வங்கத்தின் புருலியா மாவட்டத்தில் சரிதா என்று ஓர் ஊர். அங்கே சூத்திரதார் சமூகத்தினர் சாவ் ஆட்டத்துக்கு முகமூடி செய்கிறார்கள். களிமண்ணில் முகம் பிடித்து, சாம்பல் தூவி, பசையில் நனைத்த காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டுகிறார்கள். மேலே மண்ணும் துணியும் வைத்துத் தேய்த்துக் காயவிடுகிறார்கள். பிறகு அச்சிலிருந்து கழற்றி, கண்ணும் மூக்கும் துளைத்து, வண்ணம் தீட்டி, மணியும் இறகும் கட்டுகிறார்கள்.

சாவ் ஆட்டம் 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. முகமூடிக்கு 2018இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்டக் கலைஞர் கம்பீர் சிங் முராவுக்கு 1981இல் பத்மஸ்ரீ விருது தந்தார்கள். முகமூடிக் கலைஞர் நேபாள் சந்திர சூத்திரதாருக்கு அதே விருது 2024இல், அவர் இறந்த பிறகு வந்தது. ஆடியவருக்கும் செய்தவருக்கும் இடையே 43 ஆண்டுகள். அந்த ஆட்டத்துக்குத் தோலும் தம்சாவும் அடிக்கிற டோம் சமூகத்தினர் பட்டியல் சாதியினர். அவர்கள் நிலையைப் பறையடித்தவர்களின் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

மரபைக் காக்க வேண்டும் என்கிறார்கள். யார் காக்க வேண்டும் என்று கேட்கிறோம். சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்கிறவர்களையே பிரிக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. அதில் சிற்பியும் பொம்மை செய்பவரும் உண்டு. செருப்புத் தைப்பவரும் துணி வெளுப்பவரும் உண்டு. குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும், 18 வயது போதும் என்றது. கல்லூரிக்குப் போக வேண்டிய வயதில் அப்பன் தொழிலுக்குக் கடன்! குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள், குடும்பத் தொழில் நிபந்தனையை நீக்குங்கள் என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. அதன்பின் வந்ததே கலைஞர் கைவினைத் திட்டம். அந்தத் திருத்தம் நமக்கு வேண்டியதுதான்.

ஆனால் கடனோடு கணக்கு முடியாது. புவிசார் குறியீடுகூட சங்கத்தின் பெயரில்தான் பதிவாகிறது. ஒவ்வொரு கலைஞரும் அதைப் பயன்படுத்தத் தனியே பதிய வேண்டும். எழுத்தும் அலுவலகமும் எட்டாதவர் வெளியே நிற்பார்.

இந்தக் கைகளில் இருப்பது அறிவு. மண்ணும் பசையும் வெயிலும் எப்போது எப்படி நடந்துகொள்ளும் என்ற அறிவு. விரும்புகிற எந்தச் சாதிப் பிள்ளையும் அதைக் கற்கட்டும். விரும்பாத நம் பிள்ளை மருத்துவம் படிக்கட்டும். கற்றுக்கொடுக்கும் பெரியவருக்கு ஆசிரியருக்குரிய ஊதியம் தரட்டும்.

முதலில் நம்மிடமிருந்து தொடங்குவோம். திருவிழா நோட்டீசில் உபயதாரர் பெயர் வரிசையாக வருகிறது. நாம் நடத்தும் கலைவிழா நோட்டீசில் முகமூடி செய்தவர், பறை கட்டியவர், ஒப்பனை செய்தவர் பெயர்களும், அவர்களுக்குக் கொடுத்த கூலியும் அச்சாகட்டும்.

ஜெய்பீம்.