உப்புக்காற்றில் ஒரு குரூசர்: ஸ்பேனரை எடுக்கும் முன்



இராமநாதபுரத்தில் இருபது வருஷத்துக்கும் மேலாக இரு சக்கர வண்டிகளைப் பிரித்துப் பூட்டிக்கொண்டிருப்பவன் நான். மேடைப் பேச்சு நமக்கு வராது. பட்டறைக்கு வரும் தம்பிகளிடம் எப்படிப் பேசுவேனோ, அப்படியே உங்களிடமும் பேசிவிடுகிறேன்.

"அண்ணே, குரூசர் வாங்கியிருக்கேன். வீட்டுலயே கொஞ்சம் மாத்தி, நம்ம இஷ்டத்துக்குக் கொண்டுவரலாம்னு பாக்குறேன். என்னென்ன செய்யலாம்?" வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டு வருகிறார்கள். ஆசையில் தப்பே இல்லை. தாழ்வான சீட், நீளமான வண்டி, காலை முன்னே நீட்டி உட்காரும் சொகுசு. அவெஞ்சரோ, மீட்டியாரோ, பழைய தண்டர்பேர்டோ, பாம்பன் பாலத்தில் போகும்போது யாருக்கும் மனசு லேசாகத்தான் செய்யும். சொந்த வண்டியை சொந்தக் கையால் பார்த்துக்கொள்வதும் நல்ல பழக்கம்தான். ஆனால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அண்ணன் மகன் குரூசர் வாங்கினான். பின் சக்கரம் முழுசாகத் தெரிந்தால்தான் அழகு என்று சாரி கார்டையும், பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளும் கம்பியையும் கழற்றினான். அதற்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததே நான்தான். "சித்தப்பா, பாருங்க எப்படி இருக்குன்னு" என்றான். நானும் நல்லா இருக்குடா என்றேன். அடுத்த வாரம் என் மதினியைப் பின்னால் உட்காரவைத்து உச்சிப்புளி பக்கம் ஒரு விசேஷ வீட்டுக்குப் போனான். கடல் காற்றில் முந்தானை பறந்து பின் சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. மெதுவாகப் போனதால் உயிர் தப்பியது. ஆனால் மதினிக்குக் கை முறிந்து மூன்று மாதம் அடுப்பங்கரைப் பக்கம் போக முடியவில்லை. அன்றிலிருந்து, கழற்றித் தரச் சொல்லி வருகிற யாரிடமும் நான் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அந்தக் கம்பியும் கார்டும் அழகுக்காக வைத்தவை அல்ல. பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், துணி சிக்காதபடி பின் சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகியவை இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123ஆம் விதி.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து ஆர்.சி. விவரம் மாறிப்போகும் அளவுக்கு வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே விதிக்கலாம்.

அப்படியானால் கை வைக்கக்கூடாதவை எவை? சேஸிஸை வெட்டி ஒட்டுவது, இன்ஜினை மாற்றுவது, சத்தம் போடும் சைலன்சர் பூட்டுவது, நம்பர் பிளேட்டை அலங்காரம் செய்வது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டியின் சைலன்சருக்குள் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்தால் சத்தத்தோடு புகையும் சேர்ந்து கூடும். வண்டியின் நிறமும் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறது. பெயின்ட் மாற்றும் எண்ணம் இருந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், பிறகு ஸ்பிரே அடியுங்கள்.

சரி, வீட்டில் செய்யக்கூடியவை எவை? நிறைய இருக்கின்றன. வண்டிக் கம்பெனியே அந்த மாடலுக்கென்று விற்கும் சீட், பேக்ரெஸ்ட், விண்ட்ஷீல்டு, கிரிப் போன்றவற்றை வாங்கி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பொருள் எது பூட்டினாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து பாலிசியில் எழுதச் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், விபத்து நடந்த பிறகு வண்டிச் சேதத்துக்கான பணம் கேட்கும்போது சிக்கல் வரும்.

ஹேண்டில்பாரில் கை வைத்தவர்களுக்கு ஒரு சோதனை. ஸ்டாண்டு போட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் திருப்புங்கள. திருப்பும்போது இன்ஜின் சத்தம் தானாக ஏறினால் ஆக்சிலேட்டர் கேபிள் இழுபடுகிறது என்று அர்த்தம். பிரேக் ஓஸும் இழுபடுகிறதா என்று பாருங்கள். இழுபட்டால் பழைய ஹேண்டில்பாரையே திரும்பப் போடுங்கள். 1988இல் திறந்த பாம்பன் சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். பக்கவாட்டில் காற்று அடிக்கும் அந்த இடத்தில் உயரமான ஹேண்டிலும், அகலமான பக்கப் பெட்டியும் பாய்மரம் மாதிரி காற்றை வாங்கும்.

வயரிங்கும் அப்படித்தான். 55 வாட் பல்பு இரண்டு போட்டால், 12 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிவிட்டால் நம்ம ஊர்க் காற்றில் கொஞ்ச நாளில் செம்பு பச்சை பூத்துவிடும். அந்த இணைப்பு சூடாகும், சில சமயம் தீயும் பிடிக்கும். தனி ஃபியூஸ், ரிலே, நல்ல கனெக்டர் இல்லாமல் எந்த விளக்கும் போடாதீர்கள். கண்ணைக் கூசவைக்கும் விளக்கு வேண்டவே வேண்டாம். இராத்திரியில் எதிரே சைக்கிளில் வருகிற மீன்காரருக்கு அது குருட்டு வெளிச்சம்.

நம்ம கடற்கரையில் குரூசருக்கு உண்மையான எதிரி உப்பு. காரைக்குடியில் உள்ள மத்திய மின் வேதியியல் ஆய்வு நிறுவனமே மண்டபத்தில் நிலையம் வைத்து உலோக அரிப்பை ஆராய்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. உப்பு ஈரம் அதன் வழியே இறங்கி அடியில் உள்ள இரும்பைத் தின்னும். அதனால் நம் ஊரில் குரோமை விடக் கறுப்பு பெயின்ட் அடித்த பாகம் பராமரிக்க லேசு. துரு பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கி அலுமினிய பாகத்தில் முறுக்குகிறார்கள். உப்பு ஈரம் பட்டால் இரண்டு உலோகமும் சேர்ந்து பேட்டரி மாதிரி வேலை செய்யும். போல்ட்டு அப்படியே இருக்கும், அலுமினியம் அரித்துப்போகும். மரையில் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவிப் போடுங்கள்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்த பிறகு தனுஷ்கோடி போகாத பைக் இல்லை. சாலையில் போங்கள். அலையில் மட்டும் இறக்காதீர்கள். வீடு திரும்பி இன்ஜின் ஆறிய பிறகு, நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீரே உப்பாக இருக்கிற ஊர் நம்மது. குடிதண்ணீரை வாளி வாளியாகக் கொட்ட முடியாது என்பதும் தெரியும். அரை வாளி நல்ல தண்ணீரும் ஈரத்துணியும் போதும். ரிம், ஸ்போக்ஸ், சைலன்சர், செயின், இந்த நான்கையும் துடைத்து, உலர்ந்ததும் செயினுக்கு லூப் அடியுங்கள். பிரேக் டிஸ்க்கில் மட்டும் எண்ணெய் படக்கூடாது. ஈரத்தோடு தார்ப்பாய் போட்டு மூடாதீர்கள். உள்ளே புழுங்கித் துரு ஏறும்.

இனி உங்கள் கையில் இருக்கும் போனுக்கு வருவோம். பழைய குரூசர் வாங்கி மாற்றிக் கட்ட நினைப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். சேஸிஸ் எண், இன்ஜின் எண் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். கடன் பாக்கி இருக்கிறதா, சலான் நிலுவை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தையும் கட்டணத்தையும் பரிவாகன் தளத்திலேயே தொடங்கலாம். ஆர்.சி., லைசென்ஸ் இரண்டையும் டிஜிலாக்கரில் வைத்துக்கொண்டால், வழியில் காட்ட அதுவே செல்லும்.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் வண்டிக்கு அபராதம், இந்த ஃபைலை இறக்குங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தொடாதீர்கள். வங்கிக் கணக்கைத் துடைக்கும் மோசடி அது. சலானை நீங்களாகவே அரசின் இ-சலான் தளத்துக்குள் போய்ப் பாருங்கள்.

ஹெல்மெட்டில் இருக்கும் ஐ.எஸ்.ஐ. உரிம எண் உண்மையா என்பதை பி.ஐ.எஸ். கேர் செயலியில் சரிபார்க்கலாம். அசம்பாவிதம் ஏதும் நடந்தால் உடனே 108. தமிழ்நாடு அரசின் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அடிபட்டுக் கிடப்பவர் யாராக இருந்தாலும், காசுக்கு யோசிக்காமல் தூக்கிக்கொண்டு போங்கள்.

என் அண்ணன் மகனின் குரூசர் இன்றும் ஓடுகிறது. சாரி கார்டைத் திரும்ப மாட்டி, அவனே உட்கார்ந்து கறுப்பு பெயின்ட் அடித்தான். மதினி முதலில் ஏற மாட்டேன் என்றார். கம்பியை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினார். உங்கள் வண்டியில் எதைக் கழற்றும் முன்பும், பின்னால் யார் உட்காரப்போகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.