நல்ல கரியை அறிந்து வாங்குவோம்

தோட்டத்து லயங்களில் வளர்ந்த நமக்கு அடுப்பெரிப்பது புதிய செய்தியன்று. பால் வற்றிய ரப்பர் மரங்களைச் சாய்த்தபோது அவற்றின் கிளைகள் நம் அடுப்புக்கு வந்தன. ரப்பர் தகடுகளை உலர்த்திய புகைக்கூடத்திலும் அதே விறகுதான் எரிந்தது. பின்னர் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆயினும் குடும்பம் கூடும் நாளில் கோழியையும் மீனையும் தணலில் வாட்டி உண்ணும் ஆசை நம்மை விட்டுப் போகவில்லை. அதற்கு வேண்டிய கரியை எப்படிப் பார்த்து வாங்குவது?

கரி உண்டாகும் விதத்தை முதலில் அறிந்துகொள்வோம். நம் பேராக்கிலேயே, தைப்பிங்குக்கு அப்பால் கடலோரத்தில் கோல செப்பெத்தாங் இருக்கிறது. 1885-இல் மலாயாவின் முதல் இரயில் பாதை சென்று சேர்ந்த போர்ட் வெல்ட் என்னும் பழைய ஊர்தான் அது. அங்கே மாத்தாங் அலையாத்திக் காடு ஏறத்தாழ 40,000 ஹெக்டேரில் பரந்து கிடக்கிறது. காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, சுமார் 30 ஆண்டுகள் வளர்ந்த பாக்காவ் மரங்களை முறைவைத்து வெட்டுகிறார்கள்.

வெட்டிய மரத்தின் பட்டையை உரித்து, கவிழ்த்த கூடை போன்ற செங்கல் சூளைக்குள் நிறுத்தி வைக்கிறார்கள். தீ மூட்டுவது சூளையின் வாயிலில்தான். உள்ளிருக்கும் மரம் கொழுந்துவிட்டு எரிவதில்லை. வெப்பத்தால் அதன் நீரும் ஆவியும் மெல்ல வெளியேறுகின்றன. வெளிவரும் புகையின் மணத்தைக் கொண்டே பக்குவம் பார்க்கிறார்கள். தீயிட்டு, சூளையை மூடி, ஆறவைத்துத் திறக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. நாலு டன் பச்சை மரம் ஒரு டன் கரியாகச் சுருங்குகிறது. இந்தப் பொறுமையில் குறை வைத்தால், கரிக்குள் பாதி மரம் அப்படியே தங்கிவிடும்.

ஆகவே கடையில் நாம் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை. ஒரு துண்டை உடைத்துப் பார்ப்போம். உள்ளே ஒரே கறுப்பாக, சற்று மினுமினுப்பாக இருந்தால் நன்று. பழுப்புத் தெரிந்தால் அது வேகாத கரி, கண்ணெரியப் புகையும். இரண்டு துண்டுகளைத் தட்டிப் பார்ப்போம். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்து காய்ந்த கரி. மந்தமாக ஒலித்தால் ஈரமோ வேக்காட்டுக் குறையோ இருக்கலாம். ஈரக் கரியை வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். பையின் அடியில் தூள் மிகுந்திருந்தால் அதையும் தவிர்ப்போம். தூள் காற்றுப் புகும் இடத்தை அடைத்துவிடும்.

மரத்தூளை இறுக்கிச் செய்யும் பெல்லட் குச்சிகளுக்கும் இதே விதிதான். அவை வழவழப்பாக, விரிசலின்றி, ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். ஈரம் பட்டால் ஊதி உதிர்ந்துவிடும். மூடிய டப்பாவில் வைப்போம். சமையலுக்கென்றே செய்தவற்றை மட்டும் வாங்குவோம்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று தளவாடத் தொழிற்சாலையின் ரப்பர் மரத் துண்டுகளை வாங்கி எரிக்கலாமா? கூடாது. தோட்டத்து விறகு வேறு, இது வேறு. ரப்பர் மரத்தைப் பூச்சி அரிக்காதிருக்கப் போரான் மருந்து ஏற்றுகிறார்கள். பசையும் வார்னிஷும் சேர்ந்திருக்கும். அந்தப் புகையில் வாட்டியதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது.

முடிவாக ஒன்று. நல்ல கரி புகையாது என்றோம். அதனாலேயே அது தீங்கற்றது என்று எண்ணிவிடுகிறோம். மாலை மழை பிடித்ததும் அடுப்பைச் சமையலறைக்குள் இழுத்து, சாரலுக்காகச் சன்னலையும் சாத்துகிறோம். எவ்வளவு உயர்ந்த கரியானாலும் கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலியும் மயக்கமும் வந்த பிறகே தெரியும், உயிரையும் பறிக்கும். ஆகவே கரியடுப்புக்கு இடம் வெட்டவெளியே. மழை வந்தால் விருந்து சற்றுக் காத்திருக்கட்டும். விருந்துண்ண வந்தவர் அனைவரும் நலமாக வீடு திரும்ப வேண்டுமல்லவா?