கற்பிக்கச் சென்று கற்று வந்தோம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இச்சங்க மண்டபத்திலே பாயில் இருந்து மாலை வகுப்புப் படித்த பிள்ளைகள் நாங்கள் இருவரும். இன்று இதே மேடையில் பேசும்படி செயலாளர் பணித்தபோது, மகிழ்ச்சியிலும் பார்க்கக் கூச்சமே மிகுந்தது. இங்கிலாந்தில் ஆசிரியப் பயிற்சி பெற்ற அனுபவத்தைக் கூறுமாறு கேட்டிருக்கிறார்கள். அங்கு கண்ட புதுமைகளை அடுக்கிச் சொன்னால் கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆயினும், ஊர் திரும்பிய பின் நாங்கள் செய்த ஒரு பிழையையும், அதைத் திருத்திய ஒரு பெரியவரின் கேள்வியையும் சொல்வதே பயன் தரும் என்று எண்ணுகிறோம்.

2022 செப்டெம்பரில் லிவர்ப்பூல் நகரை அடைந்தோம். அந்நாட்டிலே பட்டம் பெற்றவர்கள் ஆசிரியராவதற்கு ஓராண்டுப் பயிற்சி உண்டு. அவ்வோராண்டில் குறைந்தது 120 நாட்கள் பாடசாலைகளிலேயே பயில வேண்டும். அதுவும் ஒரே பாடசாலையில் முடித்துவிட முடியாது. இரண்டு பாடசாலைகளிலாவது கற்பித்திருக்க வேண்டும். எங்கள் பாடம் கணிதம். கிழமைதோறும் வழிகாட்டி ஆசிரியர் பின்வரிசையிலே குறிப்புப் புத்தகத்துடன் அமர்ந்து எங்கள் கற்பித்தலை அவதானிப்பார். பாடம் முடிந்ததும் நல்லதையும் சொல்வார், குறையையும் சொல்வார்.

ஏழும் ஐந்தும் எந்நாட்டிலும் பன்னிரண்டுதானே என்ற துணிவோடு வகுப்பினுள் நுழைந்தோம். ஒருநாள் எங்களில் ஒருவர் வகுத்தற் கணக்கொன்றைப் பலகையில் எழுதினார். ஒரு மாணவன் கையை உயர்த்தி, "சேர், பஸ் ஸ்டொப் போடலாமா?" என்று கேட்டான். "பாடசாலை விட இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது. பஸ்ஸைப் பிறகு பார்க்கலாம், கணக்கைச் செய்" என்றார் நம்மவர். வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது.

விடயம் இதுதான். வகுக்கும்போது எண்ணின் மேலே ஒரு கோடும் பக்கத்திலே ஒரு கோடும் இழுக்கிறோம் அல்லவா? அது பஸ் தரிப்பிடத்துக் கூரைபோல இருப்பதால் அந்நாட்டுப் பிள்ளைகள் அம்முறையையே பஸ் ஸ்டொப் என்று அழைக்கிறார்கள். வகுபடும் எண் பிரயாணியைப்போல உள்ளே நிற்கும். வகுக்கும் எண் வெளியே நிற்கும். அந்தக் கணக்கு எங்களுக்குச் சிறு வயதிலேயே தெரியும். ஆனால் ஒரு சொல் தெரியாததனால், அன்று முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் தெரியாதவர்களாக நின்றோம்.

வழிகாட்டி ஆசிரியர் சிரிக்கவில்லை. "இந்த வெட்கத்தை மறந்துவிடாதீர்கள், பின்னர் உதவும்" என்று மட்டும் சொன்னார். மார்கழி மாதம். பிற்பகல் நான்கு மணிக்கே இருண்டுவிட்ட தெருவிலே பேசாமல் நடந்து அறைக்குத் திரும்பினோம். அவர் சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை என்றே அப்போது நினைத்தோம்.

எங்களுக்கு முன்னரும் அப்பகுதியில் இப்படி நின்றவர்கள் உண்டு. லிவர்ப்பூலுக்கு வடகிழக்கே கேர்க்பி என்றோர் ஊர் இருக்கிறது. மலாயாவுக்குப் போய் உழைத்த உறவினர் இல்லாத குடும்பம் நம்மிடையே அரிது. ஆகையால் அவ்வூர்க் கதை நமக்கும் உரியதே. போருக்குப் பின்னர் மலாயாவிலே பயிற்றப்பட்ட ஆசிரியர்களுக்குப் பெருந் தட்டுப்பாடு ஏற்பட்டது. போர்க் காலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலை ஊழியர்களுக்கென்று கேர்க்பியிலே கட்டிய விடுதிகள் அப்போது இருந்தன. அவற்றிலே மலாயா ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியொன்று 1952 இல் தொடங்கி 1962 வரை நடைபெற்றது. மலாயரும் சீனரும் தமிழர் முதலிய இந்திய வம்சாவளியினரும் ஒரே கூரையின்கீழ் இரண்டாண்டு தங்கிப் பயின்றனர். 1956 பெப்ரவரி 7 ஆம் நாள் அங்கு வந்த துங்கு அப்துல் ரகுமான், 1957 ஓகஸ்ட் 31 மலாயாவின் சுதந்திர நாளாகும் என்ற செய்தியை அம்மாணவர் முன்னிலையிலேயே வெளியிட்டார்.

அவர்கள் பழகிய வகுப்பு ஆங்கிலப் பிள்ளைகளின் வகுப்பு. அவர்களுக்காக ஊரில் காத்திருந்ததோ மலாயாப் பிள்ளைகளின் வகுப்பு. பனியைப் பற்றியும் இரயிலைப் பற்றியும் பேசினால் அப்பிள்ளைகளுக்கு என்ன பயன்? வீடு திரும்பும் ஆசிரியன் எதைத் தன்னோடு கொண்டுவர வேண்டும் என்ற கேள்வி அவர்களுக்கும் இருந்திருக்கும். எங்களுக்கும் இருந்தது. அதற்கு நாங்கள் முதலில் பிழையான விடையையே எழுதினோம்.

2023 யூலையில் ஊர் திரும்பி, நியமனம் கிடைக்கும் வரையில் ஒரு பாடசாலையிலே தொண்டர் ஆசிரியர்களாகச் சேர்ந்தோம். ஆசிரியர் அறையில் எந்தப் பேச்சு எழுந்தாலும், "அங்கே என்றால்..." என்று தொடங்கினோம். அங்கே வகுப்பறை இப்படி, அங்கே கருவிகள் இப்படி, அங்கே பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், இங்கே கேட்பதில்லை. இரண்டு கிழமை எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். மூன்றாம் கிழமையில் நாங்கள் உள்ளே வந்தாலே தேநீர் குடிக்க எழுந்து போனார்கள்.

இளைப்பாறும் வயதை நெருங்கிய ஆசிரியர் ஒருவர் மட்டும் எழுந்து போகவில்லை. அவர் ஒருநாள் கேட்டார்: "தம்பிமார், அங்கை கண்டதெல்லாம் சொல்லிப்போட்டியள். அங்கை உங்களுக்கு விளங்காமல் போனது ஏதும் இருந்தால் அதையும் ஒருக்காச் சொல்லுங்கோவன்."

பஸ் ஸ்டொப் கதையைச் சொன்னோம். கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, "உங்கடை ஆறாம் வகுப்பிலை கடைசி வாங்கிலை இருக்கிற பிள்ளையைப் பற்றி என்ன எழுதி வைச்சிருக்கிறியள்?" என்றார்.

அச்சிறுமி மலையகத் தோட்டமொன்றிலிருந்து தாய் தந்தையருடன் அவ்வூருக்கு வந்தவள். "கவனம் போதாது, சொன்னதைச் செய்வதில்லை" என்று எங்கள் புத்தகத்தில் எழுதியிருந்தோம். "நீங்கள் 'உதை எடுத்துக்கொண்டு வா' எண்டு சொல்லேக்கை அந்தப் பிள்ளை முழிக்கிறதை நான் கண்டனான். உதை எண்டால் என்ன எண்டு அவளிட்டைக் கேட்டுப் பாருங்கோ" என்றார் பெரியவர்.

கேட்டோம். நெடுநேரம் தலை குனிந்து நின்றாள். பின்னர் மெல்லிய குரலில், "காலால எத்துறது, சேர்" என்றாள்.

அன்பர்களே, தொல்காப்பியம் கூறும் மூன்று சுட்டெழுத்துக்களுள் உகரமும் ஒன்று. உது, உவன், உந்த என்ற சொற்கள் யாழ்ப்பாணத்துப் பேச்சில் இன்றும் வாழ்வது நமக்குப் பெருமை. ஆனால் அப்பிள்ளை பிறந்து வளர்ந்த பேச்சிலே அவை இல்லை. தமிழ் பேசும் பாடசாலையில், தமிழ் பேசும் ஆசிரியர் முன்னே, தமிழ்ப் பிள்ளையொன்று சொல் விளங்காமல் மாதக்கணக்காக வாய்மூடி இருந்திருக்கிறது. லிவர்ப்பூலில் ஒரு மாலைப்பொழுது நாங்கள் பட்ட வெட்கத்தை அவள் நாள்தோறும் பட்டிருக்கிறாள். பட்டு அறிந்த நாங்களே அதைக் காணவில்லை. கடல் கடந்து கொண்டுவந்த பொருள்களுள் மிக வேண்டிய ஒன்றைப் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டோம். அன்று மாலையே புத்தகத்தில் எழுதியதை வெட்டினோம்.

இதற்குக் கடல் கடக்க வேண்டும் என்பதுமில்லை. நமது தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயில்வோர் மூன்றாம் ஆண்டிலே கட்டுறுப் பயிற்சிக்காகப் பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். மாவட்டம் மாறினாலே பேச்சும் மாறும். தமக்கு விளங்காத சொல்லொன்றை நாள்தோறும் எழுதி வைத்தால், பிள்ளைக்கு விளங்காத சொல்லும் மெல்ல மெல்லக் கண்ணில் படும்.

எங்களுக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. சங்கத்தின் மாலை வகுப்பிலே கற்பிக்கும் இளைஞர்களே, மாதம் ஒருமுறையாவது மூத்தவர் ஒருவரை அழைத்துப் பின்வரிசையில் இருக்கச் செய்யுங்கள். முன்னால் நிற்பவர் காணாததைப் பின்னால் இருப்பவர் காண்பார். பெரியோர்களே, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் திரும்பும்போது அங்கே என்ன கண்டாய் என்று கேட்கிறீர்கள். அதனோடு, அங்கே உனக்கு என்ன விளங்கவில்லை என்றும் கேளுங்கள். அக்கேள்விதான் எங்களை உண்மையாக ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்தது.

அடுத்த கிழமை வகுப்பிலே பழக்க தோஷத்தால் மறுபடியும் அதே சொல் வாயில் வந்துவிட்டது. கடைசி வாங்கிலிருந்து ஒரு கை உயர்ந்தது. "சேர், உதைன்னா எதை?" என்றாள் அச்சிறுமி. வகுப்பு சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.